இளநீரைத் தள்ளி வை, தம்பி

அன்புள்ள பெறாமகனுக்கு,

உன்ரை இரத்த ரிப்போட்டை அம்மா போனில் வாசித்துக் காட்டினா. சிறுநீரக வருத்தம் நாலாம் கட்டம், பொட்டாசியம் 5.6. உடம்புச் சூடு தணிய நீ நாளாந்தம் செவ்விளநீர் குடிக்கிறாய் என்றும் சொன்னா. அதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க ஏலவில்லை.

பொட்டாசியம் 3.5-க்கும் 5-க்கும் இடையில் நிற்கவேணும். மிஞ்சினதை நல்ல சிறுநீரகம் சலத்தோடு கழித்துவிடும். உன்னுடையதுக்கு அந்தப் பெலன் இல்லை. ஒரு கிளாஸ் இளநீரில் 500, 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். கூடினால் நோவோ காய்ச்சலோ காட்டாது, நேரே இதயத் துடிப்பைக் குழப்பும். யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருக்கிறவனுக்கு அப்படி வந்தால் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாம். நீ இருக்கிறது நெடுந்தீவில். குறிகாட்டுவானுக்கே ஒரு மணித்தியாலக் கடல், பிறகு பஸ். கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. பட்டினத்தான் செய்கிற பிழையை நீ செய்யக்கூடாது.

தண்ணிக்கு வருவம். உங்கடை கிணத்துச் சவர்த்தண்ணியைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. வற்ற வற்ற இன்னும் கரிக்கும். அந்த உப்புப் பிறசரையும் தாகத்தையும் கூட்டும். சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணியையோ சாராப்பிட்டி நல்லதண்ணியையோ எடுப்பி. கால் வீங்காத வரைக்கும் தாகத்துக்குக் குடி. பயந்து வாயைக் கட்டாதே. வீக்கம் கண்டால் அளவை டொக்டர் சொல்லுவார். அதுக்காக எல்லாப் பழியையும் கிணத்தில் போடாதே. மதவாச்சி, பதவியாக் கமக்காரருக்கு 1990களில் தெரியவந்த சிறுநீரக நோய் வேறு, அதின் காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கு. உனக்கு வந்தது சீனி வருத்தத்தால்.

சீனி போடாத சாயத் தேத்தண்ணி குடிக்கலாம். தேசிக்காய் கொஞ்சம் பிழிந்த தண்ணியும் பாதகமில்லை, உப்புப் போடாதே. பால்மாவைக் குறை, கறுப்புச் சோடாவை விடு: இரண்டிலும் பொஸ்பரஸ். கருப்பநீர் உனக்கு விருப்பம் என்று தெரியும். சீனிக்கும் கூடாது, சிறுநீரகத்துக்கும் கூடாது. தெற்கில் காமரங்கா என்கிற நட்சத்திரப்பழத்தின் சாறு ஒரு மிடறும் வேண்டாம். சிறுநீரகம் பழுதானவருக்கு அது நிற்காத விக்கல், வலிப்பு, மரணம் வரைக்கும் கொண்டுபோகும். டொக்டர்மார் பதிந்து வைத்திருக்கினம். ஜீவனியிலும் பொட்டாசியம் உண்டு. வயிற்றோட்டம் வந்தால் நீயாகக் கரைத்துக் குடியாமல் உடனே உங்கடை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிறுநீரக வருத்தக்காரன் என்று சொல்லு.

5.6 என்கிறது கிளினிக் திகதி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிற கணக்கில்லை. நாளைக்குக் கடல் அமைதியென்றால் முதல் படகிலேயே பெரியாஸ்பத்திரிக்கு வந்து இரத்தத்தைத் திரும்பக் கொடு. வேலணையில் எங்கடை வீடு இருக்கு, தங்கிப் போகலாம்.

அன்புடன்,
பெரியம்மா