புது சவுண்ட் கார்டு போட்டாச்சா? பழைய ஒலியை அணைத்துவிடுங்கள்

கம்ப்யூட்டரில் தனி சவுண்ட் கார்டு மாட்டிய பிறகும் சத்தம் வரவில்லையா? கார்டைக் குறை சொல்லுமுன் சிபியுவின் பின்பக்கம் பாருங்கள். ஸ்பீக்கர் ஒயர் இன்னமும் மதர்போர்டின் பச்சை நிறத் துளையில்தான் செருகியிருக்கும். அதைப் புதுக் கார்டுக்கு மாற்றுங்கள். பிறகு விண்டோஸில் கீழ் மூலையிலுள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கிப் புதுக் கார்டைத் தேர்ந்தெடுங்கள். பலருக்கு இதுவே போதும்.

அப்படியும் இரண்டும் மாறி மாறிக் குழப்பினால், மதர்போர்டின் ஒலியை பயாஸிலேயே நிறுத்திவிடுவது நல்லது. புதுக் கார்டில் பாட்டு ஒழுங்காகக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டே இதைச் செய்யுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, திரை வந்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டுங்கள். அட்வான்ஸ்டு பகுதியில், பெரும்பாலும் ஆன்போர்டு டிவைசஸ் என்பதற்குள், எச்டி ஆடியோ என்றொரு வரி இருக்கும். அதை டிஸேபிள்டு ஆக்கி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: கேபினெட்டின் முன்பக்க ஹெட்போன் துளை அதோடு ஊமையாகிவிடும். அதன் ஒயர் மதர்போர்டில்தானே போய்ச் சேர்கிறது! மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, 9 ஊசிகள் கொண்ட அந்த இணைப்பைக் கழற்றுங்கள். சவுண்ட் கார்டில் அதே வடிவில் இடமிருந்தால் அதில் செருகலாம். ஓர் ஊசி இல்லாத இடமும் அடைபட்ட துளையும் நேருக்கு நேர் வர வேண்டும். வலுக்கட்டாயமாக அழுத்தாதீர்கள், ஊசி வளைந்துவிடும்.

டிவிக்கு எச்டிஎம்ஐ வழியாக ஒலி அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் ஆடியோ வேறு. அதைத் தொட வேண்டாம்.