அலை பாடும் கரையில் மூன்று நாள்

நுழையும்முன்

பயணத்திற்குத் திட்டமிடுதல் என்றதும், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்குவதே பலரது வழக்கம். ஓய்வை நாடிச் செல்லும் பயணத்திலோ அப்பட்டியல் நீள நீள ஓய்வு சுருங்கிவிடுகிறது. மலையடிவார ஊர் ஒன்றிலிருந்து வங்கக் கடலின் அமைதியான கரையொன்றிற்குச் செல்லும் கோடைப்பயணத்தை எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மலையடிவாரத்திலிருந்து

திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் அமராவதி நகர். 1957ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணையும், 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சைனிக் பள்ளியும் இவ்வூரின் அடையாளங்கள். அணையின் நீர்த்தேக்கத்தையும் அதிலிருந்து பிரியும் வாய்க்கால்களையும் பார்த்து வளரும் இப்பகுதிப் பிள்ளைகளுக்கு நீர் புதியதன்று; கடல்தான் புதியது.

இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றின் வருவாய் வேளாண்மையோடு திருப்பூரின் பின்னலாடைத் தொழிலையும் சார்ந்தது. அத்தொழிலில் தைத்த உருப்படிகளின் கணக்கில் கூலி பெறுவோர் மிகுதி. அவர்களுக்கு விடுமுறை நாள் என்பது கூலியில்லா நாள். பள்ளிக்கு ஒன்றரை மாதக் கோடை விடுமுறை இருப்பினும், பெற்றோரால் ஒதுக்க இயல்வது இரண்டு அல்லது மூன்று நாள்களே. கூலியை இழந்து பெறும் அம்மூன்று நாள்களை எவ்வாறு செலவிடுவது என்பது அக்குடும்பத்திற்குச் சிறிய கேள்வியன்று.

எந்தக் கரை?

அமராவதி நகருக்கு அருகிலுள்ள கடல் மேற்கே உள்ளது. பாலக்காட்டுக் கணவாய் வழியே சென்றால் அரபிக்கடலைச் சில மணி நேரத்தில் அடைந்துவிடலாம். தொலைவை மட்டும் கருதினால் அதுவே எளிய வழி. எனினும், கோடையின் நடுப்பகுதியில் அக்கரைக்கு ஓர் இடர் உண்டு. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ தொலைவில் வீசும் புயலால் எழும் நெடிய அலைகள் பல நாள்கள் பயணம் செய்து, உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத வேளையில் திடீரெனக் கரையேறுவதுண்டு. கேரள மீனவர் இதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர். முன்னறிவிப்பின்றி வருவதால் அமைந்த பெயர் அது. இன்று ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு எச்சரிக்கை விடுக்கிறது. கேரளக் கரையை மட்டுமன்றித் தமிழ்நாட்டின் தென்கோடிக் கரையையும் இவ்வலைகள் தாக்குவதுண்டு. மே மாத இறுதியிலோ தென்மேற்குப் பருவமழையும் நெருங்கிவிடும்.

கிழக்குக் கரை தொலைவானது. ஆனால், ஊரின் ஆறு அப்பக்கமே செல்கிறது. ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் இடைப்பட்ட பகுதியில் பிறக்கும் அமராவதி, கரூருக்கு அருகே திருமுக்கூடலூரில் காவிரியுடன் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலை அடைகிறது. பூம்புகாருக்குத் தெற்கே, இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள கடலோரச் சிற்றூர் தரங்கம்பாடி. தரங்கம் என்றால் அலை. பெரிய கடற்கரை நகரங்களின் நெரிசல் இல்லாத ஊர் அது. ஒரு தெருவின் இம்முனையில் நின்றால் மறுமுனையில் கடலைக் காணலாம்.

செல்லும் வழி

கோயம்புத்தூரிலிருந்து புறப்படும் ஜன சதாப்தி தொடர்வண்டி திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறையை அடைகிறது. திருப்பூரில் காலையில் ஏறினால் பிற்பகலில் மயிலாடுதுறையில் இறங்கலாம். அங்கிருந்து தரங்கம்பாடிக்குப் பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அமராவதி நகரிலிருந்து புறப்படுவோர் உடுமலைப்பேட்டை வழியாகத் திருப்பூரை முதல்நாள் மாலையே அடைந்து உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. விடியுமுன் எழுந்து இரண்டு பேருந்து மாறி ஓடிவந்து தொடர்வண்டியைப் பிடிப்பவர், பயணத்தின் முதல்நாளை உறங்கியே கழிப்பர்.

இவ்வழியில் சாளரத்தின் அருகே அமர்பவர் ஒரு செய்தியைக் கவனிக்கலாம். கரூரில் வண்டி அமராவதியைக் கடக்கிறது. அதன்பின் திருச்சிராப்பள்ளி வரை காவிரியின் தென்கரையை ஒட்டியே செல்கிறது. மேட்டூர் அணையிலிருந்து பாசனத்திற்கு நீர் திறப்பது வழக்கமாக ஜூன் 12ஆம் நாள். ஆகவே, மே மாதத்தில் செல்வோர் ஆற்றில் காண்பது பெரும்பாலும் மணலையே. ஊரில் தேங்கி நிற்கும் நீர் கடலை அடைவது எவ்வளவு அரிது என்பதை எந்த நிலப்படமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

ஊரும் வரலாறும்

தரங்கம்பாடியில் பார்க்க வேண்டியவை அனைத்தும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. 1620ஆம் ஆண்டு தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டென்மார்க் நாட்டினர் இங்குக் குடியேறி, கடலை நோக்கி டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். டென்மார்க் மன்னருக்கு இரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதியனுப்பிய மடல் இன்றும் கோபன்கேகனில் காக்கப்படுகிறது. 1845ஆம் ஆண்டு ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. கோட்டை இப்போது அருங்காட்சியகமாக விளங்குகிறது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வூர் மற்றொரு வகையிலும் உரியது. 1706ஆம் ஆண்டு இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று, இவ்வூரில் அச்சுக்கூடம் நிறுவினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டு அச்சிட்டு முடிக்கப்பட்டது. அச்சுக்கு வேண்டிய தாளை உருவாக்க அருகிலுள்ள பொறையாறில் காகித ஆலையும் அமைக்கப்பட்டது. கையில் பாடநூலை ஏந்தியிருப்பவர் சற்று நின்று செல்ல வேண்டிய இடம் இது.

கோட்டைக்கும் மூத்தது மாசிலாமணிநாதர் கோவில். பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. அதன் முன்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காக்கக் கரையில் கற்கள் கொட்டப்பட்டுள்ளன. கடல் ஓர் இடத்தில் நிற்பதில்லை என்பதற்கு அக்கோவில் சான்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது மிகுதியான உயிர்களை இழந்த கரைகளுள் இதுவும் ஒன்று. அமைதியான கடற்கரை என்று இதனை வருணிப்போர் அந்நாளையும் சேர்த்தே நினைவிற்கொள்ளுதல் தகும்.

இவையனைத்தையும் காண ஒரு முற்பகல் போதும். எஞ்சிய நேரத்தில் நாகூர், வேளாங்கண்ணி, பூம்புகார், பிச்சாவரம் என அனைத்தையும் சுற்றிவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அதற்கு இடங்கொடுத்தால் மூன்று நாளும் பேருந்திலேயே கழியும். வேண்டுமாயின் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்; ஒன்றையும் தேராதிருத்தல் இன்னும் நன்று.

பொழுதறிந்து செல்லுதல்

பண்டைத் தமிழர் நிலத்தைப் பொழுதோடு இணைத்தே எண்ணினர். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதுகளும் உரியன; சிறுபொழுது எற்பாடு. கதிரவன் சாயும் பிற்பகல் வேளை அது. இலக்கண வரையறையாக மனப்பாடம் செய்யப்படும் இச்செய்தி, மே மாதத்தில் கடற்கரைக்குச் செல்வோர்க்கு நேரடியாகப் பயன்படும்.

பகலில் நிலம் விரைந்து சூடேறுகிறது. கடல்நீர் மெல்லச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பத்தால் இலேசாகி எழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. கோடையிலோ மேற்கிலிருந்து வீசும் வெப்பக்காற்று இதனை எதிர்த்துத் தள்ளுகிறது. அதனால் சில நாள்களில் கடற்காற்று நண்பகலுக்குப் பின்னரே கரையேறுகிறது. அதுவரை கடற்கரையும் உள்நாட்டைப் போலவே கொதிக்கும். மே 4 முதல் 28 வரையிலான கத்திரி வெயிலில் முற்பகல் பதினொரு மணிக்கு மணலில் நிற்பவர் கடலைக் குறைகூறிப் பயனில்லை. கடற்காற்று வந்தபின் அதே மணல் வேறோர் இடமாகிவிடும்.

ஆகவே நாளின் அமைப்பு தானே உருவாகிறது. கிழக்குக் கரையாதலால் கதிரவன் கடலிலிருந்து எழும் காட்சிக்காக விடியலில் கரைக்குச் செல்லலாம். வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். நண்பகல் உணவுக்கும் உறக்கத்திற்கும் உரியது. அவ்வுறக்கத்தை வீண் என்று கருதுபவர் வாரம் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவரைக் கேட்டுப் பார்க்கலாம். எற்பாட்டு வேளையில் மீண்டும் கரை. மூன்று நாளும் இதுவே போதும்.

தெரிந்து தெளிவோம்

கடலோர மக்கள் காற்றை அது வரும் திசையால் பெயரிட்டு அழைப்பர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது சோழகம். கடலின் நீரோட்டத்தை அவர்கள் நீவாடு என்பர்.

நீந்தத் தெரிந்தவர்க்கு ஒரு சொல்

வாய்க்காலிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய பிள்ளைகளுக்குக் கடலில் அச்சம் குறைவு. இடர் அங்கேதான் உள்ளது. கரையில் மோதிய அலைநீர் திரும்பிச் செல்லும்போது, சில இடங்களில் குறுகிய பாதையில் ஒன்றுசேர்ந்து விசையோடு கடலுக்குள் பாய்கிறது. இருபுறமும் அலைகள் நுரைத்து உடைய, நடுவில் அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் பகுதியே பெரும்பாலும் அவ்விழுப்பு நீரோட்டம். இறங்குவதற்கு ஏற்ற இடம் என்று புதியவர் தேர்ந்தெடுப்பது அதனையே.

அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் வலிமை இழப்பார். பதற்றமடையாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி நீரோட்டத்தின் அகலத்தைக் கடந்தபின் கரைக்குத் திரும்ப வேண்டும். இவ்வறிவு இருந்தாலும், முழங்காலுக்கு மேல் நீரில் இறங்குமுன் அங்குள்ள மீனவர் ஒருவரிடம், “அண்ணே, இங்கே இறங்கலாமா?” என்று கேட்டுக்கொள்வதே உறுதியான பாதுகாப்பு. அவர் வேண்டா என்றால் மறுமொழி கூறாமல் கரையேறிவிட வேண்டும்.

அமைதியின் காரணம்

கோடையில் கிழக்குக் கரைக்கு வருவோர், படகுகள் வரிசையாக ஓய்ந்து நிற்பதைக் கண்டு மகிழ்வர், ஒளிப்படம் எடுப்பர். அக்காட்சிக்கு ஒரு காரணம் உண்டு. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலத்தில் அவற்றைக் காப்பதற்காக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை நடைமுறையில் உள்ளது. 2001ஆம் ஆண்டு 45 நாள்களாகத் தொடங்கிய தடை 2017ஆம் ஆண்டு முதல் 61 நாள்களாயிற்று. மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பள்ளி மாணவரின் கோடை விடுமுறையும் கிழக்குக் கரை மீனவரின் தடைக்காலமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அமைகின்றன.

விசைப்படகில் செல்லும் தொழிலாளிக்கு இந்த இரண்டு மாதமும் வருவாய் இல்லை. அரசு குடும்பத்திற்கு வழங்கிவந்த 5,000 ரூபாய் நிவாரணத் தொகையை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 61 நாள்களுக்கு அத்தொகை எவ்வளவு போதும் என்பதை எவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். வேலை செய்தால் கூலி, செய்யாவிட்டால் இல்லை என்னும் நிலை திருப்பூரிலிருந்து வருவோர்க்கு விளக்கத் தேவையில்லாத ஒன்று. ஒருவர் விரும்பி எடுத்த ஓய்வும் மற்றவர் மேல் விதிக்கப்பட்ட ஓய்வும் அந்த மணலில் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன.

இதனால் பயணி செய்யக்கூடியவை சிலவே. ஆனால் அவை திட்டத்தில் இடம்பெற வேண்டியவை. தங்குமிடமும் உணவும் அவ்வூராருடையதாக இருந்தால் செலவழிக்கும் பணம் அங்கேயே தங்கும். தடைக்காலத்தில் கரையை ஒட்டிச் சிறு படகுகளில் சென்று பிடித்து வரும் மீனே கிடைக்கும். விலை சற்றுக் கூடுதலாக இருக்கும். பேரம் பேசும் முன் அதன் காரணத்தை எண்ணிப் பார்க்கலாம். உலரவைத்த வலைகள் மீது நடப்பதும், மணலில் புட்டிகளை விட்டுச் செல்வதும், கேளாமல் மனிதரைப் படம் எடுப்பதும் பிறர் வீட்டு முற்றத்தில் செய்யும் பிழைகளாகும். கடற்கரை பயணிக்குக் காட்சி. அங்குள்ளவர்க்கு முற்றம், பணிமனை, களஞ்சியம் எல்லாம் அதுவே.

வலை பின்னும் கைகள்

தடைக்காலம் வலைகளைப் பழுதுபார்க்கும் காலமும் ஆகும். நிழலில் அமர்ந்து, கால் விரலில் வலையைப் பற்றி, ஊசியால் கண்ணி கண்ணியாக முடிச்சிட்டுச் செல்லும் கைகளைத் தரங்கம்பாடியைப் போன்ற ஊர்களில் காணலாம். பின்னலாடைத் தொழிலாளர்க்கு அக்காட்சி அயலானதன்று. வேறுபாட்டையும் அவர்களே முதலில் காண்பர். பனியன் துணியில் முடிச்சு இல்லை. ஒரு வளையத்தை மற்றொரு வளையம் பற்றி நிற்கிறது. ஆகையால் ஓரிடத்தில் இழை அறுந்தால் ஓட்டை ஏணிபோல் கீழ்நோக்கி ஓடும். வலையிலோ ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே முடிச்சிடப்பட்டது. பெரிய மீன் ஒன்று கிழித்துச் சென்றாலும் கிழிந்த இடம் மட்டுமே கிழிந்திருக்கும்; பக்கத்துக் கண்ணிகள் அசையா.

ஓரிரு மணி நேரம் அங்கு அமர்ந்து அதனைப் பார்த்திருப்பதற்கும் மூன்று நாளில் இடமிருக்கும், பட்டியலை முன்பே சுருக்கியிருந்தால்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலிருந்து ஓர் அமைதியான நீர்நிலைக்கோ கடற்கரைக்கோ இரண்டு நாள் பயணம் ஒன்றைத் திட்டமிட்டு எழுதுக. எவற்றைப் பார்க்காமல் விடுவீர்கள் என்பதையும், அங்குள்ளோர் அக்காலத்தில் என்ன வேலையில் இருப்பர் என்பதையும் அதில் குறிப்பிடுக.