நொதிப் பாடத்துக்கு வடநெம்மேலி வழி

நொதி நடத்தினால் பின்வரிசை தூங்குகிறது என்று அலுத்துக்கொள்ளும் விலங்கியல் ஆசிரியரா நீங்கள்? அந்த யூனிட்டைப் பாம்புக்கடியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் இதற்கு அலைய வேண்டியதில்லை. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது.

மாணவர்களை அங்கே கூட்டிப்போவதற்கு முன்பே, புத்தகத்தைத் திறக்காமல், கரும்பலகையில் இதை எழுதுங்கள்: ‘புதுக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம். 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்தால் தண்ணீராய் ஓடுகிறது. ஏன்?’ பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் செய்யும் சோதனைதான் இது. கண்ணாடி விரியன் விஷத்திலுள்ள நொதிகள் உறைதல் காரணிகளைத் தாறுமாறாகத் தூண்டிவிடுகின்றன. ஃபைப்ரினோஜன் எல்லாம் செலவாகிவிடுகிறது. பிறகு உறைவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. உறைய வைக்கும் விஷம் எப்படி ரத்தத்தை ஓட வைக்கும் என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும், அன்றைய பாடம் அதுதான். செய்துகாட்டுகிறேன் என்று மாணவர் கையில் மட்டும் ஊசி குத்திவிடாதீர்கள்.

விஷமுறிவு மருந்து தயாரிக்கக் குதிரை எதற்கு என்று யாராவது கேட்டால் நோய் எதிர்ப்பு யூனிட்டும் முடிந்த மாதிரி.

சங்கத்தில் துணி கட்டிய மண்பானைகளில் பாம்புகள் இருக்கும். விஷம் எடுத்தபின் அவற்றைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். 1970-களில் பாம்புத்தோல் வணிகம் தடைபட்டுப் பிழைப்பு போனவர்களின் சங்கம் இது என்பதையும் சொல்லுங்கள். இருளர்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எனவே அங்கே பேசுகிறவர் உங்கள் வகுப்புக்கு வேடிக்கைப் பொருளல்ல, வருகைப் பேராசிரியர். மதிப்பூதியம் கொடுங்கள், செல்ஃபியைத் தவிருங்கள்.

தமிழக அரசு 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது ஏன் என்பதை ஒப்படைப்பாகத் தரலாம்.

இன்டர்னல் தேர்வில் ‘நொதி வரையறு’ வேண்டாம். இப்படிக் கேளுங்கள்: தரையில் பாய் போட்டுத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருகிறார். இமை தொங்குகிறது. கடித்த தடம் தெரியவில்லை. 20 நிமிடச் சோதனையில் ரத்தம் உறைந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பலாமா?

கட்டுவிரியன் விஷம் ரத்தத்தை விட்டுவிட்டு நரம்பு முனையைத் தாக்கும் என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண். ‘அனுப்பலாம்’ என்று எழுதியவரை இன்னொரு நாள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.