பதிவுக் கோப்புகளும் வட்டின் கொள்ளளவும்

முற்கால மாலுமிகள் கப்பலின் வேகத்தை அளப்பதற்கு ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் பிணைத்துக் கடலில் எறிவது வழக்கம். கட்டையை ஆங்கிலத்தில் ‘லாக்’ என்பர். அவ்வாறு அளந்த வேகத்தைக் குறித்து வைத்த ஏடு ‘லாக் புக்’ எனப் பெயர் பெற்றது. கணிப்பொறி தன் செயல்களை நாள், நேரத்துடன் குறித்து வைக்கும் பதிவுக் கோப்புக்கும் இன்று அப்பெயரே வழங்குகிறது. கப்பலின் ஏட்டை மனிதர் எழுதினர். ஆதலின் அது மெல்ல வளர்ந்தது. கணிப்பொறியின் ஏடோ இரவும் பகலும் தானே வளர்கிறது.

அவ்வளர்ச்சியை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு வரிக்கு 200 பைட் எனவும், நொடிக்கு 100 வரிகள் எனவும் கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். எனவே ஒரு நாளில் சேர்வது 172.8 கோடி பைட். அதாவது ஏறத்தாழ 1.7 கிகாபைட். வட்டில் 50 கிகாபைட் இடம் எஞ்சியிருப்பின் அது 29 நாட்களில் நிரம்பிவிடும். ஏதேனும் ஒரு நிரல் பழுதுற்று ஒரே பிழைச் செய்தியை ஓயாது எழுதத் தொடங்கினால், ஓரிரவே போதுமானதாகலாம்.

வட்டு நிரம்பியபின் தரவுத்தளம் புதிய விவரங்களை ஏற்காது. வரும் அஞ்சல்களைச் சேமிக்க இயலாது. மருத்துவமனையாயின் நோயாளிகளின் பதிவே நின்றுபோகக்கூடும். பழுதின் காரணத்தைக் குறித்து வைப்பதற்கும் இடமிராது.

அங்ஙனமாயின் கோப்புகளை அழித்துவிடலாகாதோ எனின், இரண்டு தடைகள் உள. முதலாவது, சட்டம். ‘செர்ட்-இன்’ எனப்படும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு, அரசு அலுவலகங்களும் நிறுவனங்களும் தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாத்து வைத்தல் வேண்டும் என 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது. அத்துமீறி நுழைந்தவரின் தடயம் இப்பதிவுகளிலேயே கிடைக்கும். இரண்டாவது, பொறியின் இயல்பு. லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில், ஒரு நிரல் திறந்து வைத்துள்ள கோப்பை அழித்தால் அதன் பெயர் மறையுமேயன்றி இடம் விடுபடாது. அந்நிரல் கோப்பை மூடிய பின்னரே இடம் கிடைக்கும்.

ஆகவே செய்யத்தக்க முறைகள் வருமாறு:

1. எக்கோப்பு மிகுதியாக வளர்கிறது என்பதை முதலிற் காண்க. ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருமாயின், அதனைத் தோற்றுவிக்கும் பழுதை நீக்குதலே முதற் கடமை.

2. பதிவின் நுணுக்கத்தைக் குறைக்க. ‘சிஸ்லாக்’ முறையில் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் உண்டு. 0 மிக அவசரமானது. 7ஆம் படி, பிழை தேடும் காலத்துக்கு மட்டுமே உரியது. பணி முடிந்ததும் அதனை நிறுத்திவிடுக.

3. சுழற்சி முறையை அமைக்க. ‘லாக்ரொட்டேட்’ என்னும் நிரல், குறித்த நாளிலோ குறித்த அளவிலோ பழைய கோப்பை ஒதுக்கிச் சுருக்கி வைத்து, புதியதைத் தொடங்கும். தவணை கடந்தவற்றை நீக்கும். மேற்கூறிய கணக்கின்படி 180 நாட்களுக்கு 311 கிகாபைட் தேவை. ஒரே வகை வரிகள் மிகுந்த கோப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்குமாயின், 31 கிகாபைட்டே அமையும்.

4. உச்ச வரம்பை அறிந்திருக்க. ‘சிஸ்டம்டி’யின் பதிவேடு, இயல்பாக வட்டின் அப்பகுதியில் 10 விழுக்காட்டுக்கும், 4 கிகாபைட்டுக்கும் மிகாது, வரம்பை எட்டியதும் பழையவற்றைத் தானே நீக்கிவிடும். 180 நாட்கள் காக்க வேண்டியோர் அவற்றை முன்னதாகவே வேறொரு கணிப்பொறிக்கு அனுப்புதல் நலம்.

5. பதிவுகளுக்கென வட்டில் தனிப் பகுதி ஒதுக்குக. அப்பகுதி நிரம்பினும் ஏனைய பணிகளுக்குரிய இடம் குறையாது.

எதனை எழுதுவது, எத்தனை நாள் வைப்பது, எவ்வளவு இடம் தருவது என்னும் மூன்றையும் கணிப்பொறியை நிறுவும் நாளிலேயே வரையறுத்துவிடல் வேண்டும். வட்டு நிரம்பிய பின்னர், அவசரத்தில், காக்க வேண்டிய பதிவே முதலில் அழிபடக் கூடும்.