செம்மரமும் திசு வளர்ப்பும்
(அங்கத்தினர்களுக்கான பாடம்)

செம்மரம் நெசவாளருக்கும் விவசாயிக்கும் பொதுவான செல்வமாகும். அதன் வைரக் கட்டையினின்று சாண்டலின் என்னும் சிவப்புச் சாயம் கிடைக்கிறது. அக்கட்டையை இழைத்து வீக்கத்திற்கும் சரும நோய்க்கும் பற்றிடுதல் நம் வைத்திய மரபு. ஆனால் இம்மரம் இயற்கையாக வளரும் இடமோ மிகக் குறுகியது. ஆந்திரத்தின் கடப்பை, சித்தூர், நெல்லூர்ப் பகுதி மலைகளும் அவற்றை அடுத்த சில காடுகளுமே அதன் தாயகம். கட்டைக்காகக் களவாக வெட்டப்பட்டு அருகி வந்த இம்மரம், 1995 முதல் சர்வதேச வனவுயிர் வாணிப உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இடம் பெற்றுள்ளது.

விதை இருக்க வேறு வழி ஏன்?

செம்மரக் காயின் ஓடு கடினமானது, முளைப்பு குறைவு. விதை நாற்றுகள் யாவும் தாய் மரத்தின் குணத்தைப் பெறும் என்பதற்கும் உறுதியில்லை. ஆதலால் விஞ்ஞானிகள் திசு வளர்ப்பை நாடினர்.

செய்முறை

உயிரணுக்களைத் தனியே பிரித்து வளர்க்கும் முயற்சியை 1902இல் ஹேபர்லாண்ட் என்பார் வெளியிட்டார். அதற்கேற்ற ஊட்டக் கலவையை 1962இல் முரஷிகே, ஸ்கூக் இருவரும் வகுத்தனர். 1979இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தினர் சந்தன மரத்தின் தண்டுத் திசுவினின்று செடிகளை உண்டாக்கினர். செம்மரத்திலும் இம்முறை கைகூடியுள்ளது.

முதலில், நாற்றின் கணுத் துண்டை நுண்கிருமி நீங்கச் சுத்தம் செய்து, உப்புகளும் சர்க்கரையும் அகரும் கலந்த ஊட்டத்தில் நடுவர். இரண்டாவதாக, சைட்டோகைனின் சேர்த்துப் பல தளிர்களை எழச் செய்வர். மூன்றாவதாக, தளிர்களைப் பிரித்து ஆக்சின் கொடுத்து வேர் பிடிக்கச் செய்வர். இறுதியாக, செடியைப் படிப்படியாக வெளிக்காற்றுக்குப் பழக்குவர். முதிர்ந்த மரத்தின் துண்டுகள் கறுத்துப் போவதும் வேர் விடாமையும் இத்தொழிலின் இடர்கள்.

கவனிக்க வேண்டியவை

நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், குப்பியிலிருந்து எடுத்த சில நாட்களிலேயே விற்கப்பட்ட கன்றுகளை வாங்கி நட்டிருந்தனர். முதல் கோடையிலேயே பெரும்பாலானவை பட்டுப்போயின. ரசீதில் எண்ணிக்கையும் தொகையும் இருந்தனவேயன்றி, எத்தனை நாள் பழக்கப்பட்டவை என்பதோ தாய் மரம் எது என்பதோ இல்லை. அங்கத்தினர் பங்குப் பணம் வீணாயிற்று.

மற்றொன்று இன்னும் முக்கியமானது. ஒரு தாய் மரத்தின் கன்றுகள் யாவும் ஒரே குணம் உடையவை. பாவு முழுவதும் ஒரே பழுதுள்ள நூலாயின் எங்கும் இழை அறுவது போல, ஒரே நோய் தோப்பு முழுவதையும் அழித்துவிடலாம். ஆகவே பல தாய் மரங்களின் கன்றுகளைக் கலந்து நடுவதே மரபினத்தைக் காப்பதாகும். விதை நாற்றுகளையும் கைவிடலாகாது. திசு வளர்ப்பு காட்டிற்குத் துணையேயன்றி மாற்று ஆகாது.

செம்மரத்தை வெட்டவும் கொண்டுசெல்லவும் வன இலாகாவின் அனுமதி தேவை. நடும்போதே பதிவு செய்து சான்றைச் சங்கத்தில் வைத்திருத்தல் நலம்.

சிந்திக்க வினாக்கள்

1. கன்று வாங்குமுன் ரசீதில் எவ்விவரங்களைக் கேட்க வேண்டும்?
2. ஒரே தாய் மரத்தின் கன்றுகளால் நேரும் தீங்கு யாது?
3. நம் சங்க நிலத்தில் எத்தனை தாய் மரங்களின் கன்றுகளை நடலாம்? அடுத்த கூட்டத்தில் விவாதிக்கவும்.