பல் முளைக்கும் குழந்தைக்கு மரப்பு ஜெல் வேண்டாம்

ஊசிதான் ஆபத்து, மேலே பூசும் ஜெல் என்ன செய்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இத்தகைய ஜெல்லில் இருக்கும் மரப்பு மருந்தான லிக்னோகெய்ன், நரம்பில் சோடியம் நுழையும் வழியை அடைத்துத்தான் வலியை நிறுத்துகிறது. அதே வழிகள் மூளையிலும் இதயத்திலும் உண்டு. ஈறு வழியாக ரத்தத்தில் அளவு ஏறினால் வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரலாம். அட்ரினலின் சேராத ஊசிக்கே கிலோவுக்கு 4.5 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. 8 கிலோ குழந்தைக்கு 36. இரண்டு சதவீத ஜெல் ஒரு டீஸ்பூனில் இருப்பதோ 100!

“துளிதானே தடவுகிறோம்?” என்பார்கள். எச்சில் அந்தத் துளியைக் கழுவிவிடும், பிள்ளை மறுபடி அழும், கை மறுபடி டியூபுக்குப் போகும். விழுங்கியது தொண்டையை மரக்கச் செய்தால் பால் புரையேறும். பல் மருத்துவர் போடுகிறாரே என்றால், அவர் எடை பார்த்து அளந்து போடுகிறார். பென்சோகெய்ன் ஜெல் இன்னொரு வம்பு: ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைக்கும். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அது கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. கையைக் கழுவி, விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் குளிரவைத்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள். ஏற்கெனவே ஜெல் பூசிய பிள்ளை துவண்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, உடனே 108-ஐ அழையுங்கள். டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.