குமராட்சி நன்செயில் ரசாயனமில்லா வேளாண்மை: எதில் தொடங்குவது?

ரசாயன உரமும் பூச்சி மருந்தும் இல்லாமல் சாகுபடி செய்யும் பண்ணைகளைப் பார்த்துவரப் போகும் விவசாயிகள் இப்போது பெருகிவருகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு, இருக்கிற மூன்று ஏக்கருக்கும் ஒரே பட்டத்தில் யூரியாவை நிறுத்திவிட்டு, தை மாதம் களத்தில் மூட்டை குறைந்ததும் மறுபடி உரக்கடைக்கே திரும்புகிறவர்களும் உண்டு. அப்படித் திரும்பியவர் பிறகு இயற்கை வேளாண்மை என்ற பேச்சையே காதில் போட்டுக்கொள்வதில்லை. குமராட்சி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரத்துச் சிறு விவசாயிக்கு ஒரு பட்டத்து நட்டம் அடுத்த பட்டத்துக் கடனாகி விடும். ஆகவே எந்த வயலில், எதைக் கொண்டு தொடங்கலாம் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

பார்க்கும் பண்ணையும் நம் வயலும்

புதுச்சேரியை அடுத்த ஆரோவிலில் சாலிட்யூட் என்ற பண்ணை 1990-களிலிருந்து நடந்துவருகிறது. மரமும் கீரையும் கிழங்கும் கலந்து வளர்த்து, விளைந்ததை அங்கேயே சமைத்துப் பரிமாறுகிறார்கள். வருகிறவர்களைப் பண்ணைக்குள் நடத்திச் சென்று செடி செடியாகக் காட்டுகிறார்கள். கரூர் மாவட்டம் கடவூரில் கோ. நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் மற்றொன்று. 2013 டிசம்பரில் மறைந்த நம்மாழ்வார் சிதம்பரத்துக்கு அயலார் அல்லர்; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான் வேளாண்மை படித்தார். 1963-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணிக்குச் சேர்ந்து, அங்கு நடந்த ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று கண்டு, சில ஆண்டுகளில் வேலையை விட்டார்.

இரண்டுமே பார்க்க வேண்டிய இடங்கள். ஆனால் இரண்டும் மேட்டு நிலம் என்பதை மறக்கக்கூடாது. ஆரோவில் செம்மண் பூமி. கடவூர் வறண்ட மலைப்பகுதி. பெய்த மழையை ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்குவதே அங்கே தலையாய வேலை. நம்முடையதோ களிமண். கீழணையிலிருந்து வடவாறு, வீராணம், வடக்கு ராஜன் வாய்க்கால் என்று வரும் தண்ணீரை நம்பிய நிலம். ஆடியில் தண்ணீர் வந்து சேருமா என்று பார்த்திருப்போம். கார்த்திகையில் அதே தண்ணீர் எப்போது வடியும் என்று பார்த்திருப்போம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையில் இந்த வட்டாரமே ஏரியாக நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. மேட்டு நிலத்தில் கண்ட நீர்ப்பிடிப்புக் குழிகளை இங்கே அப்படியே வெட்டினால் பயிரின் கழுத்தளவுத் தண்ணீரில்தான் நிற்க வேண்டிவரும்.

நிரந்தர வேளாண்மை

பெர்மாகல்ச்சர் என்று சொல்கிறார்களே, அது நிரந்தர வேளாண்மை என்ற பொருள்பட அமைத்த சொல். ஆஸ்திரேலியாவில் பில் மொல்லிசன், டேவிட் ஹோல்ம்கிரன் என்ற இருவர் 1978-ல் இதைப் பற்றி முதல் நூலை வெளியிட்டார்கள். சாரம் இதுதான்: நிலத்தில் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, வெயிலும் காற்றும் எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு ஒன்றின் கழிவு மற்றொன்றுக்குத் தீனியாகும்படி பயிரையும் கால்நடையையும் மரத்தையும் இடம் பார்த்து வைக்க வேண்டும். குளித்த தண்ணீர் வாழைக்கும், வாழைத்தார் அறுத்த மரம் மாட்டுக்கும், சாணம் எருக்குழிக்கும் போன நம் வீட்டுக் கொல்லைகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் இருந்தன.

ஜப்பானின் ஷிகோகு தீவில் விவசாயம் செய்த மசானொபு புக்குவோக்காவின் பெயரையும் இந்தப் பண்ணைகளில் கேட்கலாம். உழாமல் பயிர் செய்தவர். அறுவடைக்கு நிற்கும் நெல்லுக்குள்ளேயே அடுத்த பயிரின் விதையைத் தூவிவிடுவார். நெல்லை அறுத்து அடித்தபின் வைக்கோலை அதே வயலில் பரப்பிவிடுவார். உலகமே வியந்த முறை. நம் ஊரில் தை மாதம் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோமே, அதுவும் இதே வேலைதான்! உழவில்லை, உரமில்லை, பனி ஈரத்திலேயே விளைகிறது. வெளியூர் போய் அறிந்துகொள்ள வேண்டிய முறையில் பாதி நம் வயலிலேயே இருக்கிறது.

அந்தப் பாதியையும் இப்போது இழந்துவருகிறோம் என்பதுதான் வருத்தம். அறுவடை இயந்திரம் ஈர வயலில் இறங்கும்போது முளைத்த உளுந்து தடத்தில் நசுங்கிப் போகிறது. வைக்கோலைக் கட்டுக் கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறோம். ஒரு டன் வைக்கோலில் 5, 6 கிலோ தழைச்சத்தும் 15 கிலோவுக்குக் குறையாத சாம்பல்சத்தும் இருக்கின்றன. வைக்கோல் விற்ற பணத்தை எண்ணும்போது இதையும் எண்ண வேண்டும். முதல் வேலையாக, தேர்ந்தெடுத்த ஒரு வயலில் மட்டும் கையறுப்பு வைத்து, ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை வீதம் உளுந்தைச் சீராகத் தெளித்து, மாட்டுக்குப் போக மிஞ்சிய வைக்கோலை வயலுக்கோ எருக்குழிக்கோ திருப்புங்கள்.

தழைச்சத்துக் கணக்கு

யூரியாவை நிறுத்தினால் மகசூல் ஏன் விழுகிறது? ஒரு டன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஏக்கருக்கு இரண்டு டன் என்றால் 30 முதல் 40 கிலோ. இதில் ஒரு பகுதியை மண்ணே கொடுக்கும். மீதியை யாராவது கொடுத்தாக வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது.

ஜீவாமிர்தம் கரைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லம், பயறு மாவு சேர்க்கிறோம். அத்தனையிலும் சேர்ந்து தழைச்சத்து அரைக் கிலோ தேறினால் அதிகம். அது தோசை மாவுக்கு இடும் புளித்த மாவு போன்றது. புளிக்க வைக்கும், ஆனால் அரிசியும் உளுந்தும் இல்லாமல் தோசை வராது.

நம் களிமண்ணுக்கு அந்த அரிசியும் உளுந்துமாக இருக்கக்கூடியது தக்கைப்பூண்டு. தண்ணீர் தேங்கினாலும் வளரும். உவரையும் ஓரளவு தாங்கும். உளுந்து எடுத்தபின் கிடைக்கும் கோடை மழையிலோ, வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்ததுமோ ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45-ஆம் நாள் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழ வேண்டும். தண்டு முற்றவிட்டால் மட்காது. ஏக்கருக்கு 6 டன் தழை கிடைத்தால், டன்னுக்கு 4 கிலோ வீதம் 24 கிலோ தழைச்சத்து. ஒரு மூட்டை யூரியாவுக்குச் சற்று மேல். மடக்கிய ஏழு முதல் பத்து நாள் கழித்து நடவு செய்யலாம். நட்ட ஐந்து நாளுக்குள் ஏக்கருக்கு 100 கிலோ அசோலாவைத் தூவி, களையெடுக்கும்போது மிதித்துவிட்டால் அது இன்னும் கொஞ்சம் சேர்க்கும். கோடையில் ஆட்டுக்கிடை போட வாய்ப்பிருப்பவர்கள் விடவேண்டாம். துத்தநாகம், மணிச்சத்துக் குறைவைத் தழை உரம் மட்டும் தீர்த்துவிடாது. மண் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

தக்கைப்பூண்டு விதைக்க முடியாமல் போகும் ஆண்டும் வரும். தண்ணீர் தாமதமானால் 45 நாள் ஏது? அந்த ஆண்டு, மற்ற வயல்களில் இடும் யூரியாவை நிறுத்தாமல் குறைப்பதே நல்லது. இலங்கையில் 2021-ல் அரசு ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. மாற்று உரம் போதிய அளவு கைவசம் இல்லை. விவசாயிகள் தெருவில் இறங்கிய பின், அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கினார்கள்; ஆனாலும் நெல் விளைச்சல் சரிந்தது. ஒரு நாட்டால் தாங்க முடியாததை மூன்று ஏக்கர்க்காரர் எப்படித் தாங்குவார்? முதல் ஆண்டு அரை ஏக்கர் போதும். தேறினால் அடுத்த ஆண்டு இன்னொரு வயல்.

வரப்பும் பள்ளமும்

நிரந்தர வேளாண்மையில் நம் பகுதிக்கு மிகவும் பொருந்துவது, வயலின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு பள்ளம் எடுத்து, அந்த மண்ணைக் கொண்டு ஒரு வரப்பை அகலப்படுத்துவது. 200 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்துக்கு வெட்டினால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும். கரையைச் சரிவாக வெட்டுவதால் சற்றுக் குறையும். பிடிக்கும் இடம் 3 சென்டுக்குள்தான். ஏக்கருக்கு 30 மூட்டை விளையும் வயலில் ஒரு மூட்டைக்கும் குறைவான இழப்பு. பெருமழையில் வயல் தண்ணீர் முதலில் இதில் இறங்கும். முறைப்பாசனம் தள்ளிப்போனால் இதிலிருந்து இறைத்துக்கொள்ளலாம்.

பள்ளத்தில் மீன் விடலாம். நெல்லோடு மீனும் கோழியும் சேர்த்து வளர்க்கும் முறையை அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தார் ஆய்ந்து, விவசாயிகளின் வயல்களிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். கோழி எச்சம் வயலுக்கு உரம், மீனுக்குத் தீனி. மீன் களையையும் புழுவையும் மேய்கிறது. கட்லா, ரோகு, சாதாக் கெண்டைக் குஞ்சுகளை நாற்று வேர்பிடித்த பிறகு விட வேண்டும். புல் கெண்டை வேண்டாம், நெல்லையே தின்றுவிடும். மடைகளில் மூங்கில் தட்டியோ வலையோ கட்டாவிட்டால் முதல் வெள்ளத்தில் மீன் பக்கத்து ஊருக்குப் போய்விடும். மீன் விட்டதில் இன்னொரு நன்மை, அந்த வயலில் மருந்து அடிக்கக் கை வராது.

அகன்ற வரப்பில் அகத்தி, வாழை, முருங்கை, தென்னை வைக்கலாம். ஆவணியிலிருந்து சூரியன் தெற்கே சாய்வதால் சம்பாப் பருவத்தில் மரநிழல் வடக்கே விழும். எனவே வடக்கு வரப்பில் வைத்தால் நம் நெல்லுக்கு நிழல் இல்லை. பக்கத்து வயல்காரருக்குத்தான் நிழல்! ஆகவே அவரிடம் சொல்லிவிட்டு, உயரம் போகாமல் வெட்டித் தழைக்குப் பயன்படும் அகத்தியோடு நிறுத்திக்கொள்வது மரியாதை.

எல்லா வரப்பையும் அகலப்படுத்திவிடக் கூடாது. பெரிய வரப்பு எலிக்கு மாளிகை. ஒன்றை மட்டும் அகலப்படுத்தி, மற்றவற்றை ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்குள் வைத்திருங்கள். அகன்ற வரப்பில் தஞ்சாவூர் கிட்டியும், ஆந்தை உட்கார வயலில் குச்சிகளும் கட்டாயம் வேண்டும். குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் முட்டை அட்டையை ஏக்கருக்கு 2 சி.சி. வீதம், நட்ட 30, 37-ஆம் நாட்களில் கட்டலாம். வெள்ளம் நிற்கும் தாழ்வயலில் சி.ஆர். 1009 சப்-1 ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கித் தேறக்கூடியது.

வயல் விட்டு வயல் தண்ணீர் பாயும் இடத்தில் மேல்வயல்காரர் அடித்த மருந்து உங்கள் பள்ளத்துக்குத்தான் வந்து சேரும்; மீன் ஒரே இரவில் மிதக்கும். வாய்க்காலிலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கும் வயலையே இந்தச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் அவர் மருந்து அடிக்கும் வாரம் மடையை அடைத்துவைக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். குத்தகை நிலமானால், உடையவரைக் கேட்காமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாம். பள்ளம் வெட்டும் காலம் சித்திரை, வைகாசி.

பார்க்கப் போகிறவர் கேட்க வேண்டியவை

இனி ஒரு பண்ணையைப் பார்க்கப் போனால் செடியை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். இந்தப் பண்ணை விளைச்சலில் நடக்கிறதா, பயிற்சிக் கட்டணத்திலும் நன்கொடையிலும் உணவு விடுதியிலும் நடக்கிறதா என்று கேளுங்கள். எப்படி நடந்தாலும் தவறில்லை. ஆனால் அந்த வரும்படி நமக்கு இல்லாததால், நெல்லில் மட்டும் வரவு என்ன, ஆள் கூலி என்ன என்பது தனியாகத் தெரிய வேண்டும். முதல் மூன்று ஆண்டு மகசூல் எப்படி இருந்தது, எரு சொந்தமா, விலைக்கு வாங்கியதா என்றும் கேளுங்கள். ஒளிக்காமல் சொல்கிறவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

நாளை உங்கள் வயலைப் பார்க்கவும் நாலு பேர் வருவார்கள். இட்டது, எடுத்தது, செலவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் வாய்க்கு வேலை குறையும். ரசாயன உரம் இட்ட பக்கத்து வயலின் கணக்கையும் அருகிலேயே எழுதி வையுங்கள். வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஐப்பசி, கார்த்திகையில் யாரையும் அழைக்க வேண்டாம்; ஊறிய வரப்பு நாலு பேர் நடந்தால் உடைந்துவிடும். மாசியில் உளுந்து பூத்து நிற்கும்போது வரச்சொல்லலாம்.